கரன்ட் வீணாகாத கம்பி: இந்தியாவில் அந்தத் தேடலுக்குக் குளிர் அறை தந்த கே.எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவுக் கட்டுரையில் இரண்டாவது பெயர் இவருடையது. நோபல் பரிசில் பெயர் இல்லை. ஆனால், சூப்பர் கண்டக்டர் ஆய்வுக்குத் தேவையான கடுங்குளிரை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆய்வகத்தின் தலைவர் இவர்தான். யார் இந்த வத்திராயிருப்புக்காரர்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மும்முனை கரன்ட் வந்துவிட்டது, ஸ்டார்ட்டரும் போட்டாச்சு. ஆனால், டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருக்கிற மோட்டார் அது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால், கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். மோட்டார் உறுமும், தண்ணீர் சரியாக ஏறாது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

குறைந்துபோன அந்த வோல்டேஜ் எங்கே போனது? வழியில் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துபோனது. இப்படிச் சூடாகாத கம்பி ஒன்று இருந்தால்? அதைத்தான் விஞ்ஞானிகள் சூப்பர் கண்டக்டர் என்கிறார்கள். தமிழில் மீகடத்தி.

இந்தியாவில் மீகடத்தி ஆய்வின் கதையைப் பின்னோக்கிப் போனால், அது ஒரு தமிழரின் வாழ்க்கையில் போய் நிற்கிறது.

முதலில், கம்பி ஏன் சூடாகிறது?

செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் எலெக்ட்ரான்கள் ஓடுவதைத்தான் கரன்ட் என்கிறோம். உலோகத்துக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். ஓடும் எலெக்ட்ரான்கள் அந்த அதிர்வுகளிலும், உலோகத்தில் கலந்திருக்கும் அழுக்குகளிலும் சிதறும். சிதறும்போது இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. இதுதான் மின்தடை.

இதில் ஒரு வில்லங்கமான கணக்கு உண்டு. ஒரே கம்பியில் ஓடும் கரன்ட் இரண்டு மடங்கானால், இழப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் தூரத்துக்கு மின்சாரம் அனுப்பும்போது வோல்டேஜை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்து அனுப்புகிறார்கள். உயர் அழுத்தக் கோபுரங்கள் நிற்பதற்குக் காரணமே இதுதான்.

1911ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்க் கேமர்லிங் ஆன்ஸ் என்ற இயற்பியலாளரின் ஆய்வகத்தில் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார்கள். சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸை எட்டியபோது, அதன் மின்தடை படிப்படியாகக் குறையாமல் சட்டென்று காணாமலேயே போனது. 1933ல் ஜெர்மனியில் மெய்ஸ்னர், ஓக்சென்ஃபெல்ட் இருவரும் இன்னொரு குணத்தைக் கண்டார்கள். மீகடத்தி ஆனதும் அந்தப் பொருள், தனக்குள் இருக்கும் காந்தப்புலத்தையே வெளியே தள்ளிவிடுகிறது.

ஆக, மீகடத்தியை அடையாளம் காண மூன்று விஷயம் வேண்டும். மின்தடையை அளக்கத் தெரிய வேண்டும். ஒரு பொருள் காந்தத்துக்கு எப்படி எதிர்வினை செய்கிறது என்று அளக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதாக, கடுங்குளிர் வேண்டும்.

கே.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கை இந்த மூன்றையும் தொட்டுச் சென்றது.

வத்திராயிருப்பிலிருந்து கொல்கத்தாவுக்கு

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4ல். ஊர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பு. இன்றைய விருதுநகர் மாவட்டம். அப்பா விவசாயி, படித்தவரும்கூட. தமிழ், வடமொழி இலக்கியங்களில் கிருஷ்ணனுக்குக் கடைசிவரை இருந்த ஈடுபாடு வீட்டிலிருந்து வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்தது இயற்பியல். முதலில் கிடைத்த வேலை, வேதியியல் துறையில் செய்முறை விளக்குநர் பணி.

அந்தக் காலத்தில் இந்தியாவில் இயற்பியல் ஆராய்ச்சி என்றால் கொல்கத்தாதான். அங்கே பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமன் ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1920களின் தொடக்கத்தில் கிருஷ்ணன் அங்கே போய்ச் சேர்ந்தார். திரவங்களில் ஒளி பாயும்போது எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை.

1928 பிப்ரவரி: இரண்டு பெயர், ஒரு பரிசு

ஒளி ஒரு திரவத்தில் சிதறி வெளியே வரும்போது, அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறியிருக்கிறது என்பதுதான் ராமன் விளைவு. 1928 பிப்ரவரியில் அந்தச் சோதனைகளைத் தினமும் செய்தவர் கிருஷ்ணன். அந்த நாட்களில் என்னென்ன நடந்தது என்று டைரியும் எழுதிவைத்தார். நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் இருந்தன. பிப்ரவரி 28ஐத்தான் இன்று தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1930ல் நோபல் பரிசு வந்தது. ராமனுக்கு மட்டும்.

இது நியாயமா என்ற விவாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பல வருடங்களாக அந்தத் தேடலை வழிநடத்தியவர் ராமன் என்பது ஒரு பக்கம். கண்ணால் பார்த்து, கையால் செய்து உறுதிப்படுத்தியதில் கிருஷ்ணனின் பங்கு பெரியது என்பது இன்னொரு பக்கம். கிருஷ்ணன் அதைச் சர்ச்சையாக்கவில்லை. பரிசு அறிவிக்கப்படும் முன்பே அவர் கொல்கத்தாவை விட்டுக் கிளம்பி, வேறு துறைக்கும் மாறியிருந்தார்.

அவருக்கு அப்போது வயது சுமார் முப்பதுதான். ஒளிச்சிதறலிலேயே இருந்திருந்தால், பிரபலமான கண்டுபிடிப்பின் நிழலில் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் போனது காந்தவியலுக்கு.

டாக்காவில் ஒரு நூலும் ஒரு படிகமும்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் இருந்தார்.

கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியா காந்தத்துக்கு எதிர்வினை காட்டும்? இல்லை. அணுக்களும் மூலக்கூறுகளும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து, திசைக்குத் திசை மாறும். ஆனால் அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. எப்படி அளப்பது?

அவரும் சகாக்களும் கண்ட வழி எளிமையானது. முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார்கள். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்க வேண்டும். காந்தம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் சீக்கிரம் அசையாது. முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சடாரென்று புரண்டுவிடும். எந்தக் கோணத்தில் புரண்டது என்று தெரிந்தால் போதும், மிச்சம் கணக்குதான்.

நாப்தலின் போன்ற படிகங்களைக்கூட இப்படி அளந்து, அவற்றுக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னார்கள். பெரிய கருவி இல்லை, பெரிய செலவும் இல்லை. முடிவுகள் 1933ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தன.

அதே ஆண்டு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக கொல்கத்தாவுக்கே திரும்பினார். அங்கே அவர் கவனம் கிராஃபைட் பக்கம் போனது. பென்சிலில் இருக்கும் அதே கரிதான். அடுக்கடுக்கான கிராஃபைட், காந்தப்புலத்தை ஒரு திசையில் மட்டும் வழக்கத்துக்கு மீறி எதிர்க்கிறது. அடுக்குகளுக்குள் சுதந்திரமாக ஓடும் எலெக்ட்ரான்கள்தான் இதற்குக் காரணம் என்று விளக்கினார். காந்தத்தை எதிர்க்கும் இந்தக் குணத்தின் உச்சகட்டம் மீகடத்தியிடம் இருக்கிறது. காரணம் வேறு என்றாலும், அளக்கும் கலை ஒன்றுதான்.

1930களின் பிற்பகுதியில் அழைப்பின் பேரில் கேம்பிரிட்ஜ் போனார். அவருடைய முறுக்கு முறையைப் போன்ற ஒன்றை, கடுங்குளிரில் இருக்கும் பிஸ்மத் படிகங்களில் பயன்படுத்தியவர் அங்கிருந்த டேவிட் ஷோன்பெர்க். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1940ல் கிருஷ்ணன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

அலகாபாத்: உலோகத்துக்குள் நடப்பது என்ன?

1942ல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அங்கே கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட விஷயம் உலோகங்களின் மின்தடை. அதாவது, ரிஷிவந்தியம் கம்பியின் அதே பிரச்சினை, அதன் வேரிலிருந்து.

உலோகம் திடமாக இருக்கும்போது அணுக்கள் வரிசையாக நிற்கும். உருகித் திரவமானால் வரிசை கலைந்துவிடும். அப்போது எலெக்ட்ரான் எவ்வளவு சிதறும்? ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து 1945ல் இதற்கு ஒரு விடை சொன்னார். திரவத்தில் அணுக்கள் எப்படி விரவியிருக்கின்றன என்பதை எக்ஸ்ரே காட்டும். அந்த எக்ஸ்ரே தகவலை வைத்தே எலெக்ட்ரான் சிதறலையும், அதிலிருந்து மின்தடையையும் கணக்கிடலாம் என்பதுதான் அந்த யோசனை. 1961ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் சைமன் திரவ உலோகங்களுக்கான புகழ்பெற்ற கோட்பாட்டை வெளியிட்டார். கிருஷ்ணன் - பாட்டியா யோசனை அதற்கு ஒரு முன்னோடி.

காந்தம் ஆச்சு, மின்தடை ஆச்சு. மிச்சம் இருந்தது குளிர்.

டெல்லியில் ஒரு குளிர் அறை

1947ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரியில் கட்டடத்தைத் திறந்துவைத்தவர் சர்தார் படேல். நாட்டின் மீட்டர், கிலோகிராம் அளவுகளுக்குப் பொறுப்பு இந்த ஆய்வகம்தான். இன்று இந்திய நேரத்தைப் பராமரிப்பதும் இதுவே.

புதுசாக விடுதலை அடைந்த நாடு. பணம் குறைவு, தேவைகள் அதிகம். அளவுகளைச் சரிபார்க்கும் அலுவலகமாக மட்டுமே அந்த ஆய்வகம் இருந்திருக்கலாம். ஆனால் கிருஷ்ணன் காலத்தில் அங்கே குறைவெப்ப இயற்பியலுக்கும் இடம் கிடைத்தது. 1952ல் ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரம் அங்கே அமைந்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

இதில் என்ன அவ்வளவு பெருமை?

ஹீலியம், பலூனில் அடைக்கிற வாயு. இயற்கையில் திரவமாக்க மிகக் கடினமான வாயுவும் அதுதான். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 269 டிகிரிக்குப் போனால்தான் திரவமாகும். 1908ல் முதன்முதலில் அதைச் சாதித்தவர் கேமர்லிங் ஆன்ஸ். அதன்பின் 1923 வரை, உலகத்திலேயே லைடனில் மட்டும்தான் திரவ ஹீலியம் கிடைத்தது. மீகடத்தி முதலில் லைடனில் கண்டுபிடிக்கப்பட்டது தற்செயல் இல்லை. குளிர் இருந்த இடத்தில்தான் அந்தக் கதவு திறந்தது.

இயந்திரம் வந்தால் மட்டும் போதாது, கற்றுத்தர ஆள் வேண்டும். 1953-54ல் யுனெஸ்கோவின் குறைவெப்ப இயற்பியல் ஆலோசகராக டெல்லி ஆய்வகத்துக்கு ஒருவர் வந்தார். அவர்தான் டேவிட் ஷோன்பெர்க். மீகடத்தி பற்றிய முக்கியமான ஆரம்பகால நூல்களில் ஒன்றை எழுதியவர்.

இதற்கிடையே 1948ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகரோடு கிருஷ்ணனும் ஓர் உறுப்பினர். 1946ல் சர் பட்டம், 1954ல் பத்மபூஷண், பிறகு முதல் பட்நாகர் விருது என்று கௌரவங்கள் வந்தன. நிர்வாக வேலைகளுக்கு நடுவிலும், கரன்ட் பாயும் இழை எப்படிச் சூடாகிறது, அந்தச் சூடு நெடுகிலும் எப்படிப் பரவுகிறது என்று கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார்.

1961 ஜூன் 14ல் கிருஷ்ணன் காலமானார். வயது 62.

அதே 1961ல் நடந்தது

மீகடத்தி கண்டுபிடித்து ஐம்பது வருடமாகியும் அதனால் பெரிய உபயோகம் இல்லாமல்தான் இருந்தது. சக்தி வாய்ந்த காந்தம் செய்யலாம் என்று கேமர்லிங் ஆன்ஸே கனவு கண்டார். ஆனால் பாதரசம், ஈயம் போன்றவற்றில் காந்தப்புலம் கொஞ்சம் கூடினாலே மீகடத்தும் குணம் போய்விட்டது.

1961ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், நையோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்மம் 8.8 டெஸ்லா காந்தப்புலத்திலும் ஏராளமான கரன்ட்டை இழப்பே இல்லாமல் கடத்தியது. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் அது. மீகடத்தி நடைமுறைக்கு வந்த கதை அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. அந்தப் பலன்களைப் பார்க்க கிருஷ்ணன் இல்லை.

இன்று எங்கெல்லாம் இருக்கிறது?

- எம்ஆர்ஐ ஸ்கேன்: நம்மில் பலர் மீகடத்திக்கு மிக அருகில் போனது இங்கேதான். பெரும்பாலான எம்ஆர்ஐ காந்தங்கள் திரவ ஹீலியத்தில் குளிரும் மீகடத்திச் சுருள்கள். ஒருமுறை ஏற்றிய கரன்ட் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் ஆனிலேயே இருப்பதால்தான் நகை, சாவியோடு உள்ளே விடுவதில்லை.

- மின் கேபிள்: 1986-87ல் புதிய வகை செராமிக் மீகடத்திகள் வந்தன. இவற்றுக்குத் திரவ ஹீலியம் தேவையில்லை, விலை குறைவான திரவ நைட்ரஜனே போதும். அதாவது மைனஸ் 196 டிகிரி. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014ல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படிப்பட்ட கேபிள் போட்டார்கள். 110 கிலோவோல்ட் கேபிள் செய்யும் வேலையை அது 10 கிலோவோல்ட்டிலேயே செய்தது. தென் கொரியாவிலும் ஷாங்காயிலும் இப்படிக் கேபிள்கள் உள்ளன.

- காற்றாலை: டென்மார்க்கில் 3.6 மெகாவாட் காற்றாலை ஒன்றில் மீகடத்தி ஜெனரேட்டரை வைத்துச் சோதித்தார்கள். ஜெனரேட்டரின் எடையும் அளவும் குறையும் என்பது இதில் லாபம்.

- அணுக்கரு இணைவு: சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் செய்யும் முயற்சி. பிரான்சில் கட்டப்படும் ஐடெர் திட்டத்தில் மீகடத்திக் காந்தங்கள்தான் இதயம். இந்தியாவும் அதில் பங்காளி. குஜராத்தின் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் மீகடத்திக் காந்தங்களோடு எஸ்எஸ்டி-1 என்ற கருவி இருக்கிறது.

தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மீகடத்தியை வைத்து ஸ்குவிட் என்ற நுண்ணிய காந்த உணரிகளைச் செய்திருக்கிறார்கள். மூளையில் எழும் மிக மெல்லிய காந்தப்புலத்தையும் அது பிடிக்கும்.

அப்போ ரிஷிவந்தியத்துக்கு எப்போ வரும்?

நேர்மையான பதில்: வயலுக்குப் போகும் கம்பத்தில் இப்போதைக்கு வராது.

மீகடத்திக் கேபிளை ஃபிளாஸ்க் போன்ற உறைக்குள் வைத்து, 24 மணி நேரமும் குளிரூட்ட வேண்டும். அந்தக் குளிரூட்டலுக்கே கரன்ட் வேண்டும். நெருக்கடியான நகரத்தில், குறுகலான பள்ளத்தில் நிறைய மின்சாரம் கடத்த வேண்டும் என்றால் இது கட்டுப்படியாகும். நாலைந்து மோட்டாருக்காகக் கிலோமீட்டர் கணக்கில் போகும் கம்பிக்குக் கட்டுப்படியாகாது. அங்கே டிரான்ஸ்பார்மரைப் பக்கத்தில் கொண்டுவருவதும், பழைய கம்பியை மாற்றுவதும்தான் இன்றைய தீர்வு.

குளிரே தேவைப்படாத மீகடத்தி கிடைத்தால் கணக்கு மாறிவிடும். 2023ல் தென் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருளைப் பற்றி அப்படியொரு செய்தி வந்து, சமூக வலைதளங்கள் அமளிதுமளிப்பட்டது நினைவிருக்கலாம். உலகின் பல ஆய்வகங்கள் சில வாரங்களிலேயே அதைச் செய்து பார்த்தன. மீகடத்தி இல்லை என்று தெரிந்தது. டெல்லியில் கிருஷ்ணன் தலைமை தாங்கிய அதே தேசிய இயற்பியல் ஆய்வகமும் அப்படிச் செய்து பார்த்த இடங்களில் ஒன்று.

அவர்கள் என்ன அளந்தார்கள்? மின்தடை பூஜ்யமாகிறதா, காந்தத்தை வெளியே தள்ளுகிறதா என்ற அதே இரண்டு கேள்விகளைத்தான். அடுத்த முறை இப்படியொரு செய்தி உங்கள் போனுக்கு வந்தாலும், ஷேர் செய்யும் முன் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.